கல்லூரியில் உதவி கேட்பது எப்படி: தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும், அதன் இணைப்புக் கல்லூரி எதில் சேர்ந்தாலும், மாணவர் நலனுக்கென்று சில குழுக்களும் பொறுப்பாளர்களும் அங்கே இருந்தாக வேண்டும். ஆனால் அவற்றின் பெயர்கள் கையேட்டின் கடைசிப் பக்கங்களிலும் முதல்வர் அறைக்கு வெளியே உள்ள அறிவிப்புப் பலகையிலும் மட்டும் இருப்பதால், நெருக்கடி வரும் நாளில் மாணவருக்கு அவை நினைவுக்கு வருவதில்லை. வகுப்பாசிரியராக இருந்த ஆண்டுகளில் நான் கண்டது இதுதான்: கேட்டும் உதவி கிடைக்காதவர்கள் சிலர், உதவி இருப்பதே தெரியாமலோ, தெரிந்தும் காலம் கடந்து கேட்டோ ஓராண்டை இழந்தவர்கள் பலர். அந்தப் பலரில் நீங்களும் ஒருவராகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கல்லூரி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் சில தகவல்களைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட மென்டார், அதாவது உங்களைக் கவனித்துவரும் பொறுப்பாசிரியர் யார், உளவியல் ஆலோசகர் எந்த அறையில் எந்த நேரத்தில் இருப்பார், உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கும் எழுத்தர் யார், ராகிங் தடுப்புக் குழுவிலும், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவிலும் யார் யார் இருக்கிறார்கள், விடுதியில் தங்குபவராக இருந்தால் இரவில் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பவையே அவை. கையேட்டில் அச்சானது சென்ற ஆண்டுப் பட்டியலாக இருக்கலாம். ஆகவே அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

மென்டாரும் வருகைப்பதிவும்

மென்டார், வகுப்பு ஆலோசகர், டியூட்டர் என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். ஏறத்தாழ இருபது மாணவர்களை ஓர் ஆசிரியரின் பொறுப்பில் விட்டு, அவர்களுடைய வருகை, மதிப்பெண், குடும்ப நிலை ஆகியவற்றை அவர் கவனித்துவரச் செய்யும் ஏற்பாடு இது. பல கல்லூரிகளில் மென்டார் கூட்டம் என்பது ஒரு பதிவேட்டில் கையெழுத்திடும் சடங்காகிவிட்டது என்பது உண்மை. அதற்காக அந்த ஆசிரியரை ஒதுக்கிவிட வேண்டாம். துறைத் தலைவரிடமோ முதல்வரிடமோ உங்கள் பிரச்சினை போகும்போது, ‘இந்த மாணவரை எனக்குத் தெரியும், இவர் சொல்வது உண்மை’ என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. சிக்கல் எதுவும் இல்லாத நாளிலேயே அவரைச் சந்தித்து, ஊர், குடும்பம், எந்தப் பயிற்றுமொழியில் படித்தீர்கள், எந்தப் பாடம் கடினமாக இருக்கிறது என்பவற்றைப் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள்.

வருகைப்பதிவு குறைவது, வேறு ஏதோ சரியில்லை என்பதற்கு முதல் அறிகுறி. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். நோய் போன்ற தக்க காரணத்தால் 65க்கும் 75க்கும் இடையே குறைந்தவர்கள் உரிய சான்றைக் கொடுத்து விலக்குப் பெறலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க நேரிடும். பிற பல்கலைக்கழகங்களில் இந்த எல்லைகள் சற்று மாறும் என்பதால் உங்கள் விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலை, அறுவை சிகிச்சை, வீட்டில் மரணம் என்று எது நேர்ந்தாலும் அந்த வாரத்திலேயே மென்டாருக்கு எழுத்தில் தெரிவித்து, மருத்துவச் சான்றின் நகலைத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பருவ இறுதியில் கொண்டுவரும் பழைய சான்றை ஐயத்தோடு பார்ப்பதே அலுவலக வழக்கம். அன்றன்றே கொடுத்த சான்றுக்கு அந்தச் சிக்கல் வருவதில்லை.

அரியர் விழுந்தவர்களுக்கு ஒன்று. முதல் பருவத்தில் இரண்டு மூன்று தாள்களில் தவறுவது, குறிப்பாகத் தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்புக்குள் நுழைந்தவர்களுக்கு, நடக்கக்கூடியதே. துறைத் தலைவரிடம் சிறப்பு வகுப்பு அல்லது அடிப்படைகளைக் கற்றுத்தரும் பிரிட்ஜ் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். விடைத்தாளின் நகலைப் பெற்று, பாட ஆசிரியரோடு உட்கார்ந்து, மதிப்பெண் எங்கே போனது என்று பார்த்த பிறகு மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். உடல்நலமோ குடும்பமோ படிப்பைத் தொடர முடியாத நிலைக்குத் தள்ளினால், சொல்லாமல் நின்றுவிட வேண்டாம். முறைப்படி விண்ணப்பித்துத் தற்காலிகமாகப் படிப்பை நிறுத்தி, பிறகு வந்து சேர்ந்துகொள்ளப் பெரும்பாலான பல்கலைக்கழக விதிகளில் இடம் இருக்கிறது.

பணம்

மாணவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் காரணங்களில் முதலாவது பணம். கட்டணம் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கப்படுவோமோ என்று அஞ்சி வராமல் இருந்துவிட்டு, பிறகு வருகைக் குறைவில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஆகவே எந்த உதவி யாருக்கு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கப்பட்டது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டுள்ளார்கள். இதற்கு நீங்கள் தனியாக எங்கும் அலைய வேண்டியதில்லை. கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார், அவர் வழியாகவே விவரங்கள் பதிவாகும். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணையும் (பள்ளி மாணவர் அடையாள எண்) ஆதார், வங்கி விவரங்களையும் அவரிடம் கொடுங்கள்.

ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தவர்கள், குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லையென்றால், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கல்விக் கட்டணச் சலுகை பெறலாம். 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் தொழிற்கல்வி இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படியிருந்தும் வேறு ஏதாவது பெயரில் பணம் கேட்கப்பட்டால், எதற்காக என்று எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்து மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை உண்டு. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மாணவர்களுக்கு அந்தந்த நலத்துறைகளின் உதவிகள் இருக்கின்றன. விடுதிச் செலவு தாங்கவில்லையென்றால், இப்போது சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் அரசு விடுதிகளில் இடம் கேட்டுப் பாருங்கள்.

விண்ணப்பித்தும் பணம் வராமல் போவதற்கு நான் அடிக்கடி பார்த்த காரணம் வங்கிக் கணக்கில் இருந்தது. ஆதார் எண் ஒரு கணக்கோடு இணைந்திருப்பது வேறு. அரசுப் பணம் வந்து சேர வேண்டிய கணக்காக அது பதிவாகியிருப்பது வேறு. பள்ளியில் திறந்த பழைய கணக்கு ஒன்றும் கல்லூரிக்காகத் திறந்த புதுக் கணக்கு ஒன்றும் இருந்தால், பணம் பழைய கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அல்லது அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் திரும்பிப் போயிருக்கலாம். வங்கிக் கிளைக்குப் போய், ‘நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு எந்தக் கணக்கு பதிவாகியிருக்கிறது’ என்று இதே சொற்களில் கேளுங்கள். சான்றிதழ்களில் பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். வருமானச் சான்றிதழை, மாணவர் கூட்டம் அலைமோதும் கடைசி வாரத்துக்கு விடாமல், சேர்க்கை முடிந்தவுடனேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கட்டணத்துக்குத் தவணை கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. மனு சுருக்கமாக இருந்தால் போதும். ‘என் தந்தை கட்டட வேலை செய்கிறார், சென்ற மாதம் கீழே விழுந்து கால் முறிந்ததால் வருமானம் நின்றுவிட்டது. இந்தப் பருவக் கட்டணத்தை மூன்று தவணைகளில் செலுத்த அனுமதிக்க வேண்டுகிறேன். மருத்துவமனைச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன்’ என்று நடந்ததையும் கேட்பதையும் இணைப்பையும் மட்டும் எழுதி, வகுப்பாசிரியரின் பரிந்துரைக் கையெழுத்தோடு முதல்வர் அலுவலகத்தில் கொடுங்கள். இன்னொரு படியில் தேதியோடு முத்திரை பெற்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்தில் எந்த மனுவைக் கொடுத்தாலும் இந்த இரண்டாவது படி உங்களிடம் இருக்க வேண்டும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்வதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிக்கை தடுக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராகிங், பாலியல் தொல்லை, சாதி இழிவு

1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டத்தை இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள் நாடு முழுமைக்கும் பொருந்தும். ராகிங் பற்றித் தகவல் வந்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவாகச் செய்ய வேண்டும் என்று அவை சொல்கின்றன. சீனியர்கள் பெயர் கேட்டுப் பாடச் சொன்னது வெறும் விளையாட்டு என்று யாராவது உங்களைச் சமாதானப்படுத்த வந்தால், அது உங்களைக் கூனிக்குறுகச் செய்ததா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். உள்ளூரில் சொல்ல அச்சமாக இருந்தால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம். இடம், நேரம், விடுதியின் எந்த அறை, யார் யார் இருந்தார்கள் என்பவற்றைத் தெளிவாகச் சொன்னால் நடவடிக்கை விரைவாக நடக்கும்.

பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழுவிடம் போக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளின்படி நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். மாணவர்கள் தொடர்புடைய புகாரானால் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். பெண்கள் மட்டுமல்லாமல், தொல்லைக்கு உள்ளான ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் இக்குழுவை அணுகலாம். விசாரணை நடக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரோடு ஒரே வகுப்பிலோ ஆய்வகத்திலோ இருக்க முடியாது என்றால், பிரிவு மாற்றமோ விடுப்போ இடைக்கால ஏற்பாடாகக் கேளுங்கள். கேட்காமல் இருந்தால் பெரும்பாலும் தர மாட்டார்கள். குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் கோபத்தில் அழித்துவிட வேண்டாம், அவையே சான்று. துறையில் யாராவது, ‘வெளியே தெரிந்தால் உனக்குத்தான் கெட்ட பெயர்’ என்று சமரசம் பேச வந்தால், அந்தப் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

சாதி சொல்லி இழிவுபடுத்துதல், செய்முறைத் தேர்விலும் அகமதிப்பீட்டிலும் பாகுபாடு காட்டுதல் ஆகியவற்றைப் பட்டியலின, பழங்குடியினர் பிரிவிடமோ சமவாய்ப்பு மையத்திடமோ கொண்டுபோகலாம். குற்றச்செயலாக இருந்தால், கல்லூரிக் குழு விசாரித்து முடிக்கும்வரை காத்திராமல் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

மாற்றுத்திறனாளி மாணவர்கள் தேர்வு வரை காத்திருக்கக் கூடாது. தேர்வு எழுத உதவியாளரும், ஒவ்வொரு மணி நேரத் தேர்வுக்கும் குறைந்தது 20 நிமிடக் கூடுதல் நேரமும் கோரலாம். பருவத் தொடக்கத்திலேயே சான்றோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு மனு கொடுத்துவிட்டால் அலைச்சல் மிச்சமாகும். வகுப்பு மாடியில் நடந்து, லிஃப்ட் இல்லையென்றால், கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அது சலுகையன்று, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் உரிமை.

கல்லூரி பதில் தராவிட்டால்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அது தன் அறிக்கையைத் தர வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களில் தீர்க்க முயல வேண்டும். சேர்க்கை முறைகேடு, கட்டணத்தைத் திருப்பித் தராமை, சான்றிதழைக் கொடுக்காமை, உதவித்தொகைத் தாமதம் போன்றவை இதன் வரம்புக்குள் வரும். முத்திரையிட்ட மனு நகல்கள் கையில் இல்லாதவர் அங்கே வாய்மொழியாகவே பேச வேண்டியிருக்கும், அது எடுபடுவது கடினம்.

மனம் தாங்காதபோது

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் மனு வேண்டும், சான்று வேண்டும். உளவியல் ஆலோசகரிடம் போவதற்கு இவை எதுவும் வேண்டியதில்லை. மென்டாரின் பரிந்துரையும் தேவையில்லை, பெற்றோரின் அனுமதியைக் கொண்டுவந்தால்தான் பேசுவேன் என்று 18 வயது நிரம்பிய மாணவரிடம் யாரும் சொல்லக் கூடாது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒருவர் இல்லையென்றால், மாணவர்கள் சேர்ந்து முதல்வரிடம் கேட்கலாம். அந்த உத்தரவைக் குறிப்பிட்டே கேட்கலாம்.

எப்போது போவது என்பதுதான் பலருடைய தயக்கம். இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டிருப்பது, பசி இல்லாமை, விடுதி அறையைவிட்டு வெளியே வரப் பிடிக்காமை, புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடப்பது, வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுக்க அஞ்சுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போகலாம். ‘பைத்தியம் பிடித்தவர்கள்தான் போவார்கள்’ என்ற பேச்சு இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு அஞ்சி நல்ல பிள்ளைகள் பலர் தனியாகவே தாங்கிப் பார்த்துச் சோர்ந்து போகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி நேரம் போகும். ஆலோசகர் உங்கள் தூக்கம், உணவு, நண்பர்கள், வீடு, படிப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேட்பார். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்றும் நேராகக் கேட்கலாம். அந்தக் கேள்வியால் அதிர்ச்சியடைய வேண்டாம், அது எல்லோரிடமும் கேட்கப்படுவது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், ‘எனக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை, ஆனால் சரியாக இல்லை’ என்று சொன்னாலே போதும். சொல்வது யாருக்குப் போகும் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலை தவிர மற்றவற்றை ஆலோசகர் துறைக்கோ வீட்டுக்கோ சொல்லக் கூடாது. அவரோடு பேச்சு ஒத்துவரவில்லையென்றால் வேறொருவரைக் கேட்பதில் தவறில்லை. மருந்து தேவைப்படும் நிலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் உள்ள மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். அங்கே சிகிச்சை இலவசம்.

ஆலோசகர் அறை மாலையில் பூட்டிவிடும், துயரமோ பெரும்பாலும் இரவில்தான் கனக்கும். 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையின் எண். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். அழைப்பு எடுக்கப்பட்டதும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிறகு பேசுபவர் முதலில் நீங்கள் இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா என்று கேட்கக்கூடும். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அறைத் தோழர் ஒருவர் தன் பொருள்களை எல்லாம் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, ‘நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி’ என்பது போலப் பேசினாலோ அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘சாகலாம் என்று நினைக்கிறாயா?’ என்று அன்போடு நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அறிவுரை வேண்டாம், அம்மா அப்பாவை நினைத்துப் பார் என்ற பேச்சும் அந்த நேரத்தில் வேண்டாம், அவர் சொல்வதைக் கேட்டால் போதும். அவரைத் தனியே விடாமல், இன்னொரு நண்பரை வார்டனிடம் அனுப்புங்கள். உடனடி ஆபத்து என்றால் 108க்கு அழையுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தாலும் இந்த ஒன்றில் சத்தியத்தை மீறலாம். காவல்துறை வழக்கு வருமோ என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கவும் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவரைத் தண்டிப்பதைத் தடுக்கிறது; அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் தருவதை அரசின் கடமையாக்குகிறது.

அவர் திரும்பி வரும்போது விடுபட்ட வகுப்புகள் இருக்கும், உள்தேர்வு ஒன்றிரண்டு போயிருக்கும். மருத்துவச் சான்றை மென்டாரிடம் கொடுத்து வருகை விலக்குக்கு விண்ணப்பிக்கவும், அந்தப் பருவத்தில் எல்லாத் தாள்களையும் எழுதுவதா, சிலவற்றை அடுத்த முறைக்கு விடுவதா என்று துறைத் தலைவரோடு முடிவு செய்யவும் உடன் போங்கள். தனியாக அந்த அலுவலக வரிசையில் நிற்பது அவருக்கு அப்போது கடினமாக இருக்கும்.